எதிரே வைத்த எடை

டயர்க் கடைக்காரர் என் உள்ளங்கையில் ஓர் ஈயத்துண்டை வைத்தார். கட்டைவிரல் பருமன்தான். கண் போட்ட கணக்கைவிடக் கனம் கூடுதலாக இருந்ததால் கை தானாகச் சற்று இறங்கியது. “நூத்தம்பது கிராமுங்க” என்றார். எதிரே இயந்திரத்தில் மாட்டியிருந்த லாரிச் சக்கரம் டயரும் டிஸ்க்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். அவ்வளவு பெரிய பாரத்தை இந்தத் துண்டு என்ன செய்துவிடும் என்ற கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே பதில் சொன்னார்: “நிக்கறப்ப இது ஒண்ணுமே இல்லீங்க. ரோட்டுல போறப்பதான் இதுக்குக் கனமே வருது.”

அது நாமக்கல்லில், சேலம் சாலையோரம், இரவு ஒன்பது மணி. வண்டி என் பெரியப்பா மகன் ஓட்டுவது. அவருக்குச் சொந்தமானது இல்லை, ஓட்டுவது மட்டும்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; நான் எழுத நினைப்பதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். வண்டிக்கு உரியவர் ஒருவர், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர்.

அண்ணன் இருபது வருடங்களுக்கு மேலாக லாரி ஓட்டுகிறார். டீக்கடையில் அவர் எப்போதும் அரை கிளாஸ்தான் கேட்பார். குடித்து முடித்து இன்னோர் அரை கிளாஸ். ஆறுவதற்குள் குடித்துவிடலாம் என்பதற்காக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்கின கையோடு முழு கிளாஸை வாங்கினால் தளும்பிக் கையில் கொட்டிவிடும் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். சொல்லும்போது குரலில் எந்தக் குறையும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

“முன்னாடி லெஃப்டுதான்டா தம்பி. அறுபதுல உதற ஆரம்பிக்குது. எழுபத்தஞ்சு தாண்டிட்டா அடங்கிருது.”

*

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு லாரியை விளக்க வேண்டியதில்லை. இங்கே வெறும் சேஸிஸ் வந்து இறங்கும். பாடி கட்டி வர்ணம் பூசிக்கொண்டு லாரியாகப் புறப்படும். திருச்செங்கோட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, சங்ககிரிக்குச் சரக்கு லாரி, நாமக்கல்லுக்கு எரிவாயு டேங்கரும் முட்டை வண்டியும் என்று ஊருக்கு ஒரு வண்டி அடையாளம். புது வண்டி எடுத்தால் பூசை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு மனம் ஆறும். சக்கரத்துக்கு நாம் செய்யும் மரியாதை அந்த எலுமிச்சம்பழத்தில் தொடங்குகிறது. பல நேரம் அதிலேயே முடிந்தும் விடுகிறது.

அதற்குப் பிறகு சக்கரத்தை நினைப்பது பஞ்சராகும்போதுதான். அல்லது டயரின் மேல்பரப்பில் உள்ள பட்டன் தேய்ந்து போகும்போது. காற்று இருக்கிறதா, பட்டன் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலான வண்டிகளின் டயர்க் கணக்கு நின்றுவிடும். கனம் வட்டம் முழுவதும் சமமாகப் பரவியிருக்கிறதா என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. நிற்கும் வண்டியில் அதற்கு விடை தெரியாது என்பதுதான் காரணம் என்று தோன்றுகிறது. காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். பட்டன் தேய்ந்தால் விரலுக்குத் தெரியும். கனம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது சக்கரம் வேகமாகச் சுற்றினால் மட்டுமே தெரியும். அப்போதும் வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது, உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும்.

பழைய பட்டறைகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். முன் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கி, பேரிங் இறுக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி விடுவார்கள். அது சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து, நிற்கும் முன் ஒரு கணம் தயங்கி, கொஞ்சம் பின்னால் வந்து நிற்கும். நின்றதும் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுபடி சுற்றுவார்கள். கோடு மறுபடியும் அடியிலேயே வந்து நின்றால் கனம் அங்கேதான் இருக்கிறது. நேர் எதிரே, உச்சியில், கொஞ்சம் எடை கட்டிச் சுற்றுவார்கள். சக்கரம் எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நிற்கும்வரை கூட்டியும் குறைத்தும் பார்ப்பார்கள். சக்கரத்தையே தராசாக்கி, அதன் வாயாலேயே அதன் குறையைச் சொல்ல வைக்கும் முறை இது. பொறுமை மட்டும் போதும்.

ஆனால் லாரி டயர் தட்டுப் போல மெல்லியது இல்லை. ஒரு முழத்தில் பாதிக்கு மேல் அகலம் உண்டு. கனம் உள்விளிம்பில் ஒரு பக்கமும் வெளிவிளிம்பில் அதற்கு நேர் எதிர்ப் பக்கமும் கூடியிருந்தால், கையால் சுற்றிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சக்கரம் எங்கே விட்டாலும் அங்கே நிற்கும். குறையே இல்லாத சக்கரம் போலத் தோன்றும். சாலையில் ஓடும்போதோ அந்த இரண்டும் மாறி மாறி இழுத்துச் சக்கரத்தை இடமும் வலமும் நெளிய வைக்கும். முதல் வகைக் கோளாறில் சக்கரம் குதிக்கும். இந்த வகையில் நெளியும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கச் சுற்ற வைத்து அளக்கும் இயந்திரம் வேண்டும். ரிம்மின் அகலம், விட்டம், இயந்திரத்திலிருந்து தூரம் ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டால், அது சக்கரத்தைச் சுற்றவிட்டு, உள்பக்கம் எத்தனை கிராம், வெளிப்பக்கம் எத்தனை கிராம், எந்த இடத்தில் என்று தனித்தனியாகக் காட்டும். இடம் உச்சிக்கு வந்ததும் விளக்கு எரியும். அங்கே ஈயத்தைக் கொக்கியோடு வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு.

*

கனம் ஏன் சாய்கிறது? யாராவது சோம்பேறித்தனமாக வேலை செய்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. டயர் என்பது ஒரே வார்ப்பில் ஊற்றி எடுப்பது அல்ல. ரப்பர் பூசிய துணிகளையும் கம்பி அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக உருளையில் சுற்றிச் சேர்க்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் தொடங்கிய இடத்தில் வந்து முடியும்போது கொஞ்சம் மேலேறி ஒட்டியாக வேண்டும். அந்த ஒட்டு ஒவ்வொன்றும் சில கிராம். அடுக்குகள் பல, ஒட்டுகளும் பல. அவற்றை வட்டம் முழுவதும் பிரித்து வைக்கத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் கூடும், எதிர்ப்பக்கம் கொஞ்சம் குறையும். சேர்த்துச் செய்த எந்த வட்டத்திலும் எங்காவது ஒரு ஒட்டு இருக்கத்தான் செய்யும்.

டயர் ஆலைகள் இதை மறைப்பதும் இல்லை. பல புது டயர்களின் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு பொட்டு இருக்கும். டயரின் கனம் குறைந்த இடம் அது. ரிம்மில் வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனமாக இருக்கும் என்பதால், மஞ்சள் பொட்டு வால்வுக்கு நேரே வரும்படி மாட்டினால் ஒன்றின் குறைவும் மற்றதன் மிகையும் ஓரளவு கழிந்துவிடும். சில டயர்களில் சிவப்புப் பொட்டும் உண்டு. அது சக்கரம் சாலையை அதிகமாக உந்தும் மேடான பகுதியைக் குறிப்பது. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போல, தன் குறை எங்கே இருக்கிறது என்று தானே பொட்டு வைத்து அனுப்புகிறது தொழிற்சாலை. மாட்டுகிறவர் அந்தப் பொட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவசரத்தில் பலர் பார்ப்பதில்லை.

இது பிறப்பிலேயே வருவது. வாழ்க்கையில் சேர்வது வேறு. பஞ்சர் ஒட்டின பட்டை, ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டிய களிமண், பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவே சிக்கிய கல், கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீர் காற்றோடு டயருக்குள் போய்த் தங்குவது, சடன் பிரேக்கில் ஒரே இடம் தேய்ந்து தட்டையாவது, ரீட்ரேடிங்கில் ஒட்டிய புதுப் பட்டன் ஒரு பக்கம் தடித்துப்போவது. முன்பு வைத்த ஈயமே எங்கோ ஒரு வேகத்தடையில் கழன்று விழுந்திருக்கலாம். பிறந்தபோது சரியாக இருந்த சக்கரமும் ஓடி ஓடியே சாய்கிறது. அதனால் ஒருமுறை சமன் செய்துவிட்டோம் என்று மறந்துவிட முடியாது. ரீட்ரேட் செய்தால், டயரைக் கழற்றி மாட்டினால், ஒட்டுப் போட்டால், மறுபடி பார்த்தாக வேண்டும்.

*

இனி அந்த 150 கிராமின் கணக்கு. சுற்றும் பொருள் வெளியே இழுக்கும் விசை வேகத்தோடு அப்படியே கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 20 அங்குல ரிம்மின் விளிம்பில் 150 கிராம் சமனில்லாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது ஏழெட்டுக் கிலோ எடையாக மாறி அச்சை இழுக்கிறது. 40 கிலோமீட்டரில் அதே துண்டின் இழுப்பு இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். மாட்டு வண்டியின் நடை வேகத்தில், மணிக்கு 4 கிலோமீட்டரில், இருபது கிராமுக்கும் குறைவு. இருபது மடங்கு வேகம், நானூறு மடங்கு விசை. அதே எடை டயரின் வெளிவட்டத்தில், சேறாகவோ ரப்பர்த் திரட்சியாகவோ ஒட்டியிருந்தால் இழுப்பு இன்னும் ஏறக்குறைய இருமடங்கு.

குடமும் ஆரக்காலும் வட்டையும் சேர்த்து, மேலே இரும்புப் பட்டை காய்ச்சி மாட்டிய நம் ஆசாரிகளின் வண்டிச் சக்கரம் எந்த ஈயமும் இல்லாமல் தலைமுறைகளாக ஓடியதற்கு விளக்கம் இந்த வர்க்கக் கணக்கில் இருக்கிறது. அந்தச் சக்கரங்களும் கிராம் சுத்தமாகச் சமனாக இருந்திருக்க முடியாது. மரத்தில் ஒரு பக்கம் வைரம் பாய்ந்திருக்கும், ஒரு பக்கம் பாய்ந்திருக்காது. அந்த வேகம் அதைக் கேள்வி கேட்கவில்லை. வண்டிப் பாதையின் பள்ளங்கள் தந்த உலுக்கலில் சக்கரத்தின் சொந்தக் குறை யாருக்கும் தனியாகக் கேட்கவும் இல்லை.

என் பெரியப்பா ஓட்டிய காலத்து லாரிக்கும் ஓரளவு இதே பதில்தான். நைலான் டயர், குண்டும் குழியுமான இருவழிச் சாலை, எதிரே பேருந்து, நடுவில் மாட்டு வண்டி. அவர் வண்டி ஐம்பதைத் தொட்ட நேரங்கள் குறைவு. 1998-ல் தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் வடக்கு தெற்குத் தடத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர் வழியாகச் சாலை நான்குவழியாக விரிந்தது. நாங்கள் ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்லிப் பழகியது 44 ஆனது. தளம் வழவழப்பானது. நைலான் போய் ரேடியல் வந்தது. நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிகளின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. சாலையின் பள்ளங்கள் மூடியபோது சக்கரத்தின் குறை முதன்முறையாகத் தனிக்குரலில் கேட்கத் தொடங்கியது. வேகம் புதிதாக எந்தக் கோளாறையும் கொண்டுவரவில்லை. எப்போதும் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

நாமக்கல்லில் இருந்து டெல்லிக்கு இந்தச் சாலையில் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். லாரிச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு முந்நூறு முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு நடை போய்ச் சேர்வதற்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமான சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டு ஒருமுறை மேலே இழுக்கிறது, ஒருமுறை கீழே குத்துகிறது. ஏழு லட்சம் குத்து.

*

அண்ணன் சொன்ன “எழுபத்தஞ்சு தாண்டிட்டா அடங்கிருது” என்ற வாக்கியம் என்னை நெடுநாள் விடவில்லை. வேகம் கூடினால் விசை கூட வேண்டும். உதறல் எப்படி அடங்கும்?

அதற்கான விடையைத் தேடியவர்கள் லாரியை நினைத்துத் தேடியவர்கள் இல்லை. ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் ராங்கைன் 1869-ல் சுழலும் தண்டுகளைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு தண்டுக்கும் தாங்க முடியாமல் வளைந்து ஆடும் ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்டி அது நிலையாக ஓட முடியாது என்பது அவர் முடிவு. இருபது வருடம் கழித்து, சுவீடனில், பாலில் இருந்து பாலாடையைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தால் பெயர் பெற்ற குஸ்தாஃப் டி லாவல் தன் நீராவிச் சுழலிக்கு வேண்டுமென்றே மெல்லிய, வளையக்கூடிய தண்டைப் பொருத்தினார். அது ராங்கைன் சொன்ன வேகத்தில் ஆடியது. அந்த வேகத்தைக் கடந்ததும் ஆட்டம் அடங்கி, நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுவரை அமைதியாக ஓடியது. ஏன் என்பதை ஐரிஷ்காரர் ஜெஃப்காட் 1919-ல் தெளிவான கணக்காக எழுதினார். ஒரு அமைப்பின் இயல்பான ஆட்டமும் சுழற்சியின் தாளமும் ஒன்றும்போது உலுக்கல் உச்சத்தில் இருக்கும். தாண்டிவிட்டால் அந்தப் பொருள் தன் அச்சைச் சுற்றுவதை விட்டுத் தன் கனத்தின் நடுப்புள்ளியைச் சுற்றத் தொடங்கும். வெளியே பார்ப்பவர்க்கு அமைதி.

டயருக்குள் கண்ணாடி மணிகளையோ பீங்கான் மணிகளையோ போட்டுவிடும் முறையும் இந்த அமைதியை நம்பித்தான் இருக்கிறது. ஆடும் வேகத்தைத் தாண்டியபிறகு, உள்ளே கட்டில்லாமல் கிடக்கும் மணிகள் தாமாகவே கனம் குறைந்த பக்கமாகப் போய்ச் சேர்கின்றன.

ஆனால் அண்ணனின் லாரியில் மணிகள் இல்லை. அறுபதில் உதறியது, வண்டியின் ஸ்டியரிங்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த இயல்பான ஆட்டத்தோடு சக்கரத்தின் தாளம் ஒத்துப்போனதால். எழுபத்தைந்தில் ஒத்துப்போகவில்லை, அதனால் கைக்கு அடங்கியதுபோல் இருந்தது. சக்கரம் அச்சை இழுக்கும் இழுப்பு அறுபதில் இருந்ததைவிட எழுபத்தைந்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. பேரிங்குக்கு அது தெரியும். முன் அச்சின் கிங்பின்னுக்கும் ஸ்டியரிங்கின் டை ராடுக்கும் தெரியும். கிண்ணம் கிண்ணமாகத் தேயத் தொடங்கும் டயர்ப் பட்டனுக்குத் தெரியும். கைக்கு மட்டும் தெரியாமல் போகிறது. உதறல் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி அதைக் கடந்துவிடுகிற பழக்கம் பல ஓட்டுநர்களுக்கு உண்டு. அடங்கியதைத் தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். தவறு அவர்களுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் நாமும் அப்படித்தான் பலவற்றைக் கடந்து வந்திருக்கிறோம். சத்தம் நின்றது போதும் என்று இருந்துவிட்ட இடங்களில் உள்ளே எது தேய்ந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

*

80 கிலோமீட்டரில் லாரிச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஏழு முறை சுற்றுகிறது. காரின் சக்கரம் சிறியது. அதே வேகத்தில் பதினொன்று, பன்னிரண்டு முறை சுற்றிவிடும். இந்த ஏழு என்ற எண் கொடுமையானது. உட்கார்ந்திருக்கும் மனித உடலின் முதுகுத்தண்டும் வயிறும் மேலும் கீழுமான அதிர்வுக்கு மிக அதிகமாக இசைந்து ஆடுவது நொடிக்கு நான்கு முதல் எட்டு அதிர்வுகளுக்குள்தான். முழு உடல் அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தர நெறி, ஐஎஸ்ஓ 2631, இந்த இடைவெளியைத்தான் உடலுக்கு மிகவும் உறைக்கும் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. லாரியின் சக்கரம் எந்தத் தாளத்தில் குத்துகிறதோ அந்தத் தாளத்தில் ஆடுவதற்கென்றே உடல் அமைந்திருக்கிறது. ஸ்டியரிங்கின் இயல்பான ஆட்டத்தையாவது வேகம் கூட்டிக் கடந்துவிடலாம். முதுகெலும்பின் இயல்பான ஆட்டத்தைக் கடக்க அனுமதிக்கப்பட்ட வேகத்தில் வழியில்லை.

நெடுங்காலம் இப்படி அதிர்வில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இடுப்புவலி கூடுதலாக வருவது மருத்துவம் அறிந்த செய்தி. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் பிறப்பித்த நெறியாணை, வேலையாள் ஒரு நாளில் எவ்வளவு அதிர்வு வாங்கலாம் என்பதற்கு வரம்பே வைத்தது. அதிர்வையும் கூலியில் இருந்து கழியும் ஒரு பொருளாக எண்ணிப் பார்த்த சட்டம் அது.

இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரகச் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். மே மாத வெயிலில் என்ஜின் சூட்டின்மேல் உட்கார்ந்து ஆந்திரத்தைக் கடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெப்பத்தைப் பற்றி யாரோ நினைத்தார்கள் என்பதே ஆறுதல். அந்த நினைப்பு அதிர்வுக்கும் நீள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் புதிதாக வேண்டாம். கட்டைவிரல் அளவு எடையும் அரை மணி நேரமும் போதும்.

அந்த அரை மணி நேரம்தான் கிடைப்பதில்லை. லோடு காத்திருக்கிறது, தவணை காத்திருக்கிறது. லாரி டயர் ஒன்றின் விலை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்ட காலத்தில், அதைச் சமன் செய்யும் கூலி சொற்பம். ஆனால் செலவு ஓனரின் கணக்கில் எழுதப்படுகிறது, பலனில் பெரும்பகுதி ஓட்டுநரின் முதுகில் எழுதப்படுகிறது. ஒரே நோட்டில் இரண்டும் வராததால் கூட்டிப் பார்க்க யாருமில்லை. டயர் சீக்கிரம் தேய்கிறது, பேரிங் போகிறது என்று ஓனருக்கும் நட்டம் உண்டு. அது மாதங்கள் கழித்து வேறு பெயரில் வரும் செலவு. முதுகின் நட்டம் வருடங்கள் கழித்து வருவது. அதற்குள் வண்டி கைமாறிப் போயிருக்கும்.

*

கடைக்காரர் உடனே ஈயத்தை வைத்துவிடவில்லை. முதலில் சக்கரத்தின் உள்பக்கம் காய்ந்திருந்த மண்ணைக் கம்பியால் சுரண்டிக் கழுவினார். பட்டனில் சிக்கிய கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். பிறகு மெல்லச் சுற்றவிட்டு, டயரின் மேல்பரப்பு ஏறி இறங்குகிறதா என்று ஓரத்தில் விரலை நிலையாக வைத்துப் பார்த்தார். “முட்டைக்கும் பேலன்ஸ் போடலாமுங்க. மெசின் சீரோ காட்டும். உருட்டிப் பாருங்க, குதிக்கும்.”

முட்டை ஊரில் இருந்து வந்த உவமை. கனம் சமனாக இருப்பதும் வடிவம் வட்டமாக இருப்பதும் வேறு வேறு. ரிம் வளைந்திருந்தால், டயர் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் ஏறியிருந்தால், எத்தனை ஈயம் வைத்தாலும் அது குதிக்கும். கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் நல்ல சக்கரமும் உதறும். எந்தக் கோளாறு என்று பிரித்தறியாமல் எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது மருந்து இல்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். ஈயத்தை இடம் மாற்றி, கனமான பக்கத்திலேயே வைத்துவிட்டால் கோளாறு இரட்டிப்பாகும். அதே துண்டு, அதே கை, அதே நல்ல எண்ணம். இடம் மட்டும் தவறு. இதைக் கேட்டபோது சக்கரத்தை விட்டு நினைப்பு வேறெங்கோ போய்விட்டது. ஒருவர் நிலைதடுமாறி நிற்கும்போது உதவி என்று நாம் கொண்டுபோய்ச் சேர்த்தவற்றில் எத்தனை, ஏற்கெனவே சுமை இருந்த பக்கத்திலேயே போய் உட்கார்ந்தன? அன்பு இருந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளும் பொறுமை இல்லாமல் போனது.

குறை என்றால் வெட்டி எடுக்க வேண்டியது என்றே பழகியிருக்கிறோம். இந்தத் தொழிலில் அது நடக்காது. டயரின் ஒட்டை அறுத்தெடுத்தால் டயரே இல்லை. கனம் இருக்கும் இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்றுக்கொண்டு, அது எங்கே, எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு, நேர் எதிரே அதே அளவு வைக்கிறார்கள். பிறகு மறுபடி சுற்றிப் பார்க்கிறார்கள். முதல் சுற்றில் யாரும் திருப்தி அடைவதில்லை. மீதி இருக்கும், இன்னும் கொஞ்சம் நகர்த்துவார்கள், மறுபடி சுற்றுவார்கள். சுழலும் பொருளைச் சமன் செய்யும் முறைக்கு 1870-ல் கனடாவில் ஒருவர் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு, 1907 வாக்கில் ஜெர்மானியர் லவாச்செக் உருவாக்கிய இயந்திரம் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பட்டறைக்கு வந்த காலம் தொட்டு, நாமக்கல்லின் இந்த இரவு வரை அளப்பதும் வைப்பதும் திரும்ப அளப்பதும்தான் இதன் முழு வித்தை.

வைக்கிற எடையும் குற்றமற்றது இல்லை. ஈயம் நஞ்சு. கழன்று சாலையில் விழும் துண்டுகள் சக்கரங்களுக்கடியில் அரைபட்டுத் தூளாகி மண்ணிலும் ஓடையிலும் சேர்கின்றன. கார்களில் ஈய எடையை ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் தடுத்தது. கலிபோர்னியா 2010-ல் தடுத்தது. இரும்பிலும் துத்தநாகத்திலும் எடைகள் வருகின்றன. அவை அதே வேலையைச் செய்கின்றன. கடையில் ஈயத்துண்டுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். அதே கையோடு அவன் பொட்டலத்தைப் பிரித்து முறுக்கு எடுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. “கை கழுவிட்டுச் சாப்பிடு தம்பி” என்றேன். சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தான். ஒரு முதுகைக் காக்க வைக்கும் எடை இன்னோர் உடலில் போய்ச் சேரக் கூடாது.

*

மூன்றாவது சுற்றில் இரண்டு எண்களும் பூச்சியமாயின. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, நாங்கள் கிளம்பும்போது பத்தரை. அண்ணன் கரூர்ப் பக்கமாகப் போக வேண்டும்; பரமத்தி வேலூர் வரை நானும் ஏறிக்கொண்டேன்.

ஐம்பது. அறுபது. அண்ணன் கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்தும் வைக்காமலும் வைத்திருந்தார். அறுபத்தைந்து. வழக்கமாக உதறும் இடம் வந்து, உதறாமல் போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரையும் அழுத்தவில்லை. அடங்கும் இடம் தேடி ஓட வேண்டிய தேவை அன்றைக்கு இல்லை. அறுபத்தைந்திலேயே காவிரிப் பாலம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

வேலூரில் இறங்கி டீக்கடைக்குப் போனோம். “மாஸ்டர், ஒரு முழுசு” என்று எனக்குச் சொல்லிவிட்டு, தனக்கு வழக்கம்போல அரை கிளாஸ் கேட்டார்.

“இன்னிக்குத்தான் உதறலியேண்ணா” என்றேன்.

கையை நீட்டிக் காட்டினார். கடை விளக்கின் வெளிச்சத்தில் விரல்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

“வண்டி நின்னுருச்சுடா தம்பி. இது நிக்கக் கொஞ்ச நாளாகும்” என்றார்.